கெண்டிச்செடியும் இடமாற்றமும்

ஊன் உண்ணுஞ் செடி என்றவுடன், கதைகளில் வரும் கொடிய மரமொன்றையே பலர் கற்பனை செய்வர். உண்மையிற் கெண்டிச்செடி வளமற்ற மண்ணிற் பிறந்து, அம்மண் தராத நைதரசனைப் பூச்சிகளிடமிருந்து பெற்று உயிர்வாழும் எளியதொரு கொடியாகும். அதன் இலைநுனி பற்றுத்தந்துபோல் நீண்டு, முடிவில் மூடியுடைய கெண்டியாக விரிகின்றது. கெண்டியின் வழுக்கும் விளிம்பில் அமரும் எறும்பு முதலியன உள்ளிருக்கும் நீரில் வீழ்ந்து சமிபாடடைகின்றன.

இவ்வினம் மடகாஸ்கர் முதல் நியூ கலிடோனியா வரை பரந்துள்ளது. நம் இலங்கைக்கே உரிய இனத்தைச் சிங்கள மக்கள் பாந்துரா என்பர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதற்கு நெப்பெந்தெஸ் டிஸ்டிலாற்றோரியா எனப் பெயரிட்டார். சிங்கராசக் காடு உள்ளிட்ட தென்மேற்கு ஈரவலயமே அதன் தாயகம். அத்தகைய செடியை வேறோரிடத்தில் வாழச்செய்யும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அறியவேண்டியது செடியின் பிறப்பிடமாகும். தாழ்நிலத்தினங்கள் இரவும் பகலும் வெப்பத்தை விரும்புவன. மலையினங்களுக்கோ இரவிற் குளிர்ச்சி இன்றியமையாதது. போர்ணியோவின் கினாபாலு மலையில் ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேல் வளரும் நெப்பெந்தெஸ் ராஜா என்பது இதற்கு எடுத்துக்காட்டாகும். பிரெடரிக் பர்பிட்ஜ் என்பார் 1877ஆம், 1878ஆம் ஆண்டுகளில் அம்மலைக்குச் சென்று இங்கிலாந்திற்குச் செடிகளைத் தேடிக் கொணர்ந்தார். வெப்பநாட்டுச் செடி எனவே வெப்பம் வேண்டும் என்ற எண்ணத்தால் அக்காலத்தார் மலையினங்களையும் புழுக்கமிக்க கண்ணாடி வீடுகளில் வைத்தனர். ஆகலின் அவை நலிந்தன. ஒரு நாட்டின் பெயரை அறிதல் போதாது. மலையின் உயரத்தையும் அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்தது ஈரப்பதன். ஈரக்காற்றில் விரிந்த இலையின் புறத்தோல் மெல்லியது. அதனை வறண்ட காற்றில் வைத்தால், வேர் உறிஞ்சும் நீரினும் இலை இழக்கும் நீர் மிகும். அப்பொழுது முதலில் வாடுவது கெண்டியே. பின்னர் அரும்பிய கெண்டிகள் விரியாமற் கருகும். எனவே புதிதாக வந்த செடியை ஒளிபுகும் உறையொன்றால் மூடி நிழலில் வைத்து, நாடோறும் சிறிது சிறிதாக உறையைத் திறந்துவருதல் வேண்டும். சில வாரங்கள் சென்றபின் உறையை முற்றாக நீக்கலாம். ஒளியையும் அவ்வாறே படிப்படியாக மிகுத்தல் நன்று. காலை இளவெயில் உகந்தது. நண்பகல் வெயில் இலையைச் சுடும். ஒளி மிகக் குறைந்தாலோ இலை தழைக்கும், கெண்டி தோன்றாது.

மூன்றாவது, மண்ணும் நீரும். இவ்விடத்தில் யான் செய்த பிழையைக் கூறுதல் பயனுடைத்து. இரத்தினபுரிப் பகுதியிலுள்ள நண்பரொருவர் தம் தோட்டத்தில் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த செடியொன்றை எனக்கு அளித்தார். அதனை யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்திற் செம்மண்ணும் மாட்டெருவும் இட்டு நட்டேன். நாடோறும் கிணற்று நீர் வார்த்தேன். சோளகக் காற்று வீசுங் காலம் அது. கெண்டிகள் ஒரு கிழமையிற் கருகின. அதுகண்டு இன்னும் எருவிட்டேன். இரண்டு திங்களிற் செடி மடிந்தது. என் அன்பே அதற்கு நஞ்சாயிற்று. வளமற்ற மண்ணுக்கு இசைந்த வேரை எரு எரித்தது. நம் கிணற்று நீரோ சுண்ணாம்புக்கற் பாறையில் ஊறி வருவதாகலின், அமிலத்தன்மையை வேண்டும் அவ்வேருக்கு ஒவ்வாததாயிற்று.

நண்பர் மீண்டுமொரு செடி தந்தார். இம்முறை மழைநீரிற் பலமுறை கழுவி உப்பகற்றிய தென்னந்தும்பையும் கரித்துண்டுகளையும் கலந்து, துளையுள்ள பூச்சாடியில் இட்டேன். மாரிக்காலத்திற் சேமித்த மழைநீரையே வார்த்தேன். மண் ஈரமாயிருக்க வேண்டும். ஆயின் வேர் நீரில் மூழ்கிக் கிடத்தலாகாது. பயணத்திற் கெண்டியின் நீர் சிந்தியிருப்பின் சிறிது மழைநீர் விடலாம். எருவோ, பூச்சியோ இடவேண்டியதில்லை.

இச்செடியிலும் பழைய கெண்டிகள் கருகின. எனினும் யான் அஞ்சவில்லை. பழைய இலை பழைய காற்றுக்கென அமைந்தது. அது மீளவும் மாறாது. செடி இசைந்ததா என்பதைக் கொழுந்திலேயே காணல் வேண்டும். மூன்றாந் திங்களில் விரிந்த இலை சிறிதாயினும் தடிப்பாயிருந்தது. அதனையடுத்த இலையின் நுனியிற் பெருவிரலளவு கெண்டியொன்று மூடி திறந்தது. அதனைக் காண வீட்டார் யாவரும் முற்றத்திற் கூடினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறற்பாலது. நெப்பெந்தெஸ் இனங்கள் யாவும் சருவதேச வாணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. காட்டிற் பிடுங்கிய செடி பெரும்பாலும் வேரறுந்து மடியும்; காடும் வறிதாகும். வளர்க்க விரும்புவோர் தோட்டத்தில் வளர்த்த செடியையே பெறுக.

தொலைவிலிருந்து நம் விடுதிக்கு வரும் மாணவரை முதற்றவணைப் புள்ளிகொண்டு அளந்துவிடும் நம் வழக்கத்தை எண்ணும்போது, அக்கருகிய கெண்டிகள் என் நினைவுக்கு வருகின்றன. கொழுந்து விரியும்வரை காத்திருத்தல் தோட்டக்காரனுக்கு மட்டும் உரிய கடமையன்று.