குழாயைத் திறந்துவிட்டுப் பேசிய தாய்

சுங்கை சிப்புட் பக்கம், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டம். சந்தா வாங்கப் போயிருந்த நம்மிடம் ஒரு பாட்டி, "தம்பி, மருமக புள்ள பெத்து ரெண்டு மாசமாவுது. புள்ளையத் தூக்க மாட்டேங்குது, சுவரையே பாத்துக்கிட்டு கெடக்குது" என்றார். பக்கத்து வீட்டம்மாள், "காத்து கருப்புதான், மந்திரிச்சுட்டு வாங்க" என்றார். வாசலில் நின்ற ஒருவர், "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் நம் பெண்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. ஈப்போவுக்கு அருகே 1911-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. இன்று அதன் பெயர் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி. நம்மவர்களுக்கோ ஊர்ப்பெயரே வசவு! பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பேச்சாலும் மருந்தாலும் குணமாகிற நோய் என்று யார் எடுத்துச் சொல்வது?

அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி வழி ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தோம். போனில் பேசினால் குணமாகுமா என்று கேட்பீர்கள். அமெரிக்கா, கனடாவில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களுமாக 1,230 பேரிடம் நடந்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. நேரில் பேசியவர்களுக்குக் கிடைத்த பலன் வீடியோ வழி பேசியவர்களுக்கும் குறையவில்லை. பேசியவர் நிபுணரா, பயிற்சி பெற்ற தாதியா என்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. பஸ் காசும் ஒருநாள் கூலியும் மிச்சம், நல்ல சேதிதான்.

ஆனால் நம் வீடுகளில் சாத்திக்கொள்ளக் கதவு எங்கே? இரண்டே அறை, ஏழு பேர். அந்தப் பெண் குளியலறைக்குள் போய், சத்தம் வெளியே கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். "தண்ணி பில்லு யாரு கட்டுறது?" என்று மாமனார் கத்தினார். மூன்றாவது வாரம் போனை எடுக்கவில்லை.

பிறகு, பிள்ளையைப் பார்க்க வந்த கிளினிக் தாதி, பாட்டியைத் தேநீர் கலக்க அனுப்பிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பாகிஸ்தானில், ராவல்பிண்டிக் கிராமங்களில், சுகாதாரப் பணிப்பெண்கள் இப்படி வீடு வீடாகப் போயே பலரைத் தேற்றியதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்பு ஆயாக்கொட்டகையில் பால் கொடுக்க வருகிறவளின் முகத்தை ஆயா பார்த்துவிடுவாள். (அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை, பச்சை உடம்போடு பால் வாளி தூக்கியவர்கள் நம் தாய்மார்கள்.)

ஆகவே முதல் பேச்சு நேரில் நடக்கட்டும், பிறகு போன் வரட்டும் என்கிறோம். 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் தமிழிலும் உண்டு. பிள்ளையை எடை பார்க்கும்போதே தாயிடமும் அவற்றைக் கேட்கச் சுகாதார இலாகா உத்தரவிட வேண்டும். பிரசவ விடுப்பு 2023 முதல் 98 நாள், அதற்குள் கேட்டுவிடலாமே?

ஒன்று மட்டும் தாமதிக்கக் கூடாது. காதில் குரல் கேட்கிறது, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன், செத்துவிடுவேன் என்றால் போனுக்குக் காத்திராமல், தனியே விடாமல், உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மற்றபடி பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் எண் 15555.

கிளைத் தலைவர்களே, நம் கிளை அறை மத்தியான வேளையில் சும்மாதான் கிடக்கிறது. சாவியைப் பெண்களிடம் கொடுங்கள். அந்தத் தோட்டத்தில் கொடுத்தாயிற்று. புதன்கிழமைகளில் அவள் அங்கேதான் உட்கார்ந்து பேசுகிறாள். வெளியே பாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறார்.