வேன் ஜன்னல் கண்ணாடி: எதைப் போட்டால் என்ன?



சென்ற மாதம் நிலக்கோட்டையில் நடந்த ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் வேன் பராமரிப்பு பற்றிப் பேச ஆரம்பித்தோம். உடனே ஒரு அக்கா எழுந்து, "வண்டி சமாச்சாரம் எல்லாம் டிரைவருக்குத் தெரிஞ்சா போதாதா மேடம்? நமக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நாங்கள் சொன்ன பதிலை மற்ற குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நம் வட்டாரத்தில் ஒரு குழு வங்கிக் கடன் வாங்கி, பழைய வேன் ஒன்றைத் தொழிலுக்காக எடுத்தது. வார நாட்களில் விடியும் முன்பே பூப்பறிக்கும் பெண்களைத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும். சனி, ஞாயிறுகளில் பழனி, கொடைக்கானல், வேளாங்கண்ணி என்று சுற்றுலா சவாரி. தவணை ஒழுங்காகக் கட்டினார்கள். வருமானமும் வந்தது.

ஒரு நாள் ரோட்டில் தெறித்த கல் பட்டு, பக்கவாட்டு ஜன்னலின் தள்ளு கண்ணாடி உடைந்துவிட்டது. வண்டிக்கு உரிய கண்ணாடியை ஆர்டர் கொடுத்தால் வந்துசேர சில நாள் ஆகும் என்றார்கள். மறுநாளே சவாரி புக் ஆகியிருந்தது. வேறொரு கடையில், "சாதாக் கண்ணாடி இருக்கு, பத்து நிமிஷத்துல வெட்டித் தர்றேன், பாதி விலைதான்" என்றார்கள். "கண்ணாடிதானே, எதைப் போட்டா என்ன?" என்று அதையே போட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், அதே வேனில் கொடைக்கானல் சென்றார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஒரு வளைவில் எதிரே பேருந்து வர, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சகோதரியின் முழங்கை கண்ணாடியில் மோதியது. கண்ணாடி கத்தி கத்தியாக உடைந்து கையைக் கிழித்துவிட்டது. ஒன்பது தையல். மல்லிகை நிறைய வரும் சீசன் அது. அந்தச் சகோதரி ஒரு மாதம் பூப்பறிக்கப் போக முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் பெரிய சண்டை. டிரைவர் மேல் பாதிப் பேர், ஊக்குநர் மேல் பாதிப் பேர் குற்றம் சொன்னார்கள். "குழுக் காசை மிச்சம் பிடிக்கத்தானே பாத்தேன்" என்று ஊக்குநர் அழுதுவிட்டார்கள். காயம்பட்ட சகோதரியின் அந்த மாதத் தவணையைக் குழுவே ஏற்றுக்கொண்டது.

எங்கள் மீதும் தவறு உண்டு. கணக்குப் பார்க்கப் போனபோது "கண்ணாடி – 1" என்று எழுதிய பில்லைப் பார்த்தோம். தொகை சரியாக இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டு வந்தோம். என்ன கண்ணாடி என்று நாங்களும் கேட்கவில்லை.

சாதாக் கண்ணாடியும் வண்டிக் கண்ணாடியும்

வண்டி ஜன்னலுக்குப் போடும் கண்ணாடிக்கு 'டஃபன்டு' என்று பெயர். கடினப்படுத்திய கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் வேகமாகக் காற்றடித்துக் குளிர வைப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கும்போது வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அதற்குச் சாதாக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம்.

அதையும் மீறி உடைந்தால், முழுக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் கல்கண்டு போலச் சின்னச் சின்னத் துண்டாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சிராய்ப்பு வரலாம், ஆழமான வெட்டு விழுவது அரிது. சாதாக் கண்ணாடியோ நீள நீளமான கூர்த் துண்டுகளாக உடையும். பாதித் துண்டு சட்டத்திலேயே நீட்டிக்கொண்டு நிற்கும்.

முன்பக்கப் பெரிய கண்ணாடி வேறு வகை. அது 'லேமினேட்டட்'. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, வண்டியின் முன் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடிகளும் பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே சாதாக் கண்ணாடி போடுவது ஆபத்து மட்டுமல்ல, விதிமீறலும்கூட.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

1. கண்ணாடியின் ஒரு மூலையைப் பாருங்கள். தயாரித்த கம்பெனி பெயரும், 'ஐ.எஸ். 2553' என்ற தர எண்ணும் அழியாத முத்திரையாக இருக்க வேண்டும். எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

2. டஃபன்டு கண்ணாடியை வெட்டவே முடியாது. அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, விளிம்பு தேய்த்த பிறகுதான் அதைச் சூளைக்கு அனுப்புவார்கள். பிறகு கட்டரை வைத்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும். ஆகவே உங்கள் கண் முன்னாலேயே ஒற்றைக் கண்ணாடியை வெட்டித் தருகிறார்கள் என்றால் அது டஃபன்டு இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. லேமினேட்டட் கண்ணாடியை வெட்டலாம். அதுவும் பாதுகாப்புக் கண்ணாடிதான். விளிம்பில் பார்த்தால் நடுவே தாளின் கோடு தெரியும்.

4. "பிளாஸ்டிக் ஷீட் போட்டுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் சமைத்து, படுத்து, ஊர் சுற்றும் வீட்டு வேன்களில் எடை குறைய அக்ரிலிக் ஜன்னல் வைப்பது உண்டு. அது வண்டிக்கென்றே தயாரித்து முத்திரை பெற்றது. நாம் கடையில் வாங்கும் ஷீட் சீக்கிரம் கீறல் விழுந்து மங்கிவிடும். நம் வேனுக்கு அது வேண்டாம்.

மாற்றத்தான் வேண்டுமா, பழுது பார்த்தால் போதுமா?

டஃபன்டு கண்ணாடியில் விரிசலை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஜன்னலில் வரும் பாதித் தொல்லைகள் கண்ணாடியால் வருவதில்லை.

*மழைத் தண்ணீர் உள்ளே வந்தால்:* தள்ளு கண்ணாடி ஓடும் அலுமினிய சேனலின் அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே இறங்கும் தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்விட வேண்டும். நம் ஊர்ப் புழுதி அதை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் தேங்கி சீட்டில் வழியும், தரைப் பலகை ஊறும், தகரம் துருப்பிடிக்கும். ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். சிலர் ஒழுகுகிறது என்று அந்த ஓட்டையிலேயே பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தொல்லை இரண்டு மடங்காகும்.

*கண்ணாடி கடகடவென்று ஆடினால்:* சேனலில் உள்ள பஞ்சுப் பட்டை தேய்ந்திருக்கும். பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

*தள்ள முடியாமல் இறுகினால்:* மண்ணைத் துடைத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே அடிக்கலாம். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம். புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும், ரப்பரும் கெடும்.

*திறக்காத கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் வெடித்திருந்தால்:* ரப்பரை மாற்ற வேண்டும். மெக்கானிக் புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து அழுத்தி வைப்பார். உள்ளே இருந்து கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். சுத்தியல் வைத்துத் தட்டினால் கண்ணாடி போய்விடும்.

அளவு கொடுக்கும்போது

அதே பக்கத்தில் அதே மாதிரி ஜன்னல் இருந்தால் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மாதிரியாகக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். அகலம், உயரம் இரண்டையும் மூன்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். சேனலுக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் சேர்க்க மறக்கக் கூடாது. கனம் எத்தனை மில்லிமீட்டர், கைப்பிடி ஓட்டை எங்கே என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்த பிறகு ஒரு சுற்றுக்கூடக் குறைக்க முடியாது. கண்ணாடி வளைவாக இருந்தால் அந்த மாடலுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும்.

மாட்டிய பிறகு ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே கீழிருந்து மேலாகத் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். ஒழுகும் இடம் அப்போதே தெரிந்துவிடும்.

வெயிலுக்காக ஸ்டிக்கர் ஒட்ட நினைப்பவர்களுக்கு: 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஸ்டிக்கருக்குத் தடை விதித்தது. பிறகு விதிகளில் மாற்றம் வந்தது. ஆனால் பக்கக் கண்ணாடி வழியாகக் குறைந்தது 50 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது மாறவில்லை.

வழியில் உடைந்துவிட்டால்

வண்டியை ஓரம் கட்டுங்கள். செருப்பில்லாமல் யாரும் நடமாடக் கூடாது. கூட்டித் தள்ளும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கெட்டி பிளாஸ்டிக் தாளோ அட்டையோ வைத்து டேப் ஒட்டலாம். அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் மெதுவாக ஊர் வந்து சேருங்கள்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் கண்ணாடிக்குப் பணம் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் கிடைக்கும். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி பிடிப்பார்கள். ஆனால் மாற்றும் முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். கிளைம் வாங்கினால் அடுத்த ஆண்டு 'நோ கிளைம் போனஸ்' தள்ளுபடி போய்விடும். ஒரே ஒரு கண்ணாடி என்றால் கைக்காசு போடுவது லாபமா என்று கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. விபத்தில் கதவு மாட்டிக்கொண்டால் ஜன்னல்தான் வழி. டஃபன்டு கண்ணாடியின் ஓரத்தில் கூர்முனைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் முழுதும் உதிர்ந்து வழி விடும். அந்தச் சுத்தியல் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

• சொந்த வேன் உள்ள குழுக்கள் இந்த மாதமே எல்லா ஜன்னலிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாததை மாற்றத் தீர்மானம் போடுங்கள்.

• பில்லில் "கண்ணாடி – 1" என்று எழுதினால் வாங்காதீர்கள். "டஃபன்டு, ஐ.எஸ். 2553, இத்தனை மில்லிமீட்டர், எந்த ஜன்னல்" என்று எழுதி வாங்கி, தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றுங்கள். நாங்களும் இனி அதைப் பார்த்த பிறகுதான் டிக் அடிப்போம்.

• வாடகை வேனில் சுற்றுலா போகும் குழுக்கள், முன்பணம் கொடுக்கும் முன் வண்டியை ஒரு முறை சுற்றி வந்து ஜன்னல் மூலைகளைப் பாருங்கள்.

காயம்பட்ட சகோதரி இப்போது மறுபடியும் பூப்பறிக்கப் போகிறார்கள். சென்ற கூட்டத்தில் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "அன்னைக்கு மூலையில பாக்கணும்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா போதும்" என்றார்கள். உங்கள் குழுவில் அந்த ஒருத்தர் யார் என்று இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.