கண்மாய் மராமத்தும் நாரைக் குஞ்சுகளும்

மதுரையிலிருந்து மேலூர் மார்க்கமாகத் திருப்பத்தூர் செல்லும் நேயர்கள், வழியில் கொள்ளுகுடிப்பட்டியில் சற்று இறங்கிப் பார்க்க வேண்டும். சிவகங்கை ஜில்லாவைச் சேர்ந்த அவ்விடத்தில் மூன்று கண்மாய்கள், 1977-ஆம் வருஷம் முதல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக விளங்கி வருகின்றன. பறவைகள் மிரளாதிருக்கும்பொருட்டுத் தீபாவளிக்கும் பட்டாசு கொளுத்தாத கிராமவாசிகளைப் பலரும் புகழ்ந்தாயிற்று. கண்மாய் மராமத்தைப் பற்றிப் பேசுவோர்தான் குறைவு!

நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் ஜலத்தின் நடுவே நிற்கும் கருவேல மரத்தில் கூடு கட்டுவது காரணத்தோடுதான். சுற்றிலும் நீர் நிற்கும்வரை நாயும் நரியும் அண்டா. வண்டல் மேடிட்ட கண்மாயோ, ஐப்பசி மழையில் நிரம்பினாலும் சீக்கிரமே வறண்டுவிடும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்குமுன் அம்மரம் அகழி வற்றிய கோட்டையாகிவிடும். ஆகவே, பறவைகள் போனபின் கோடையில் வண்டலை வாரி, கண்மாய்க்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, நாட்டுக் கருவேலங் கன்றுகளை நட வேண்டும்.

சீமைக் கருவேலத்தின் விஷயம் சிக்கலானது. அதை அகற்றும்படி ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டது. அது நிலத்துக்குச் சத்துரு என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால், வேறு மரமில்லாத இடங்களில் கொக்கு முதலியவை அதிலும் கூடு கட்டுகின்றனவே! ஒரே கோடையில் அனைத்தையும் வெட்டிச் சாய்த்தால், மழையோடு வரும் பறவை எங்கே தங்கும்? திட்டில் நட்ட கன்றுகள் தலையெடுக்கச் சில வருஷங்களாகும். அதுவரை சிறிது சிறிதாகக் கழித்து வருவதே விவேகம்.

இன்னொன்று: நாரைகள் இரை தேடுவது பெரும்பாலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் பிற கண்மாய்களிலுமே. அங்கே வரத்துக்கால்கள் தூர்ந்து கிடந்தால், நத்தையும் இல்லை, மீனும் இல்லை. கூட்டிலிருக்கும் குஞ்சுக்குத் தாய்ப் பறவை வெறும் அலகோடுதான் திரும்பும்.