தரையில் அடித்த கோடு பிளானில் இருக்கா?

புது அபார்ட்மெண்ட் சாவி வாங்கப் போறவங்க டைல்ஸைத் தட்டிப் பார்ப்பாங்க, குழாயைத் திறந்து பார்ப்பாங்க. கீழே திறந்தவெளியில இருக்கிற கார் பார்க்கிங்கை மட்டும், தரையில நம்பர் இருக்குல்ல, போதும்னு விட்டுடுவாங்க. அந்த நம்பரும் அனுமதி வாங்கின வரைபடமும் ஒத்துப்போகுதான்னு எப்படிப் பார்க்கிறது? இன்னைக்கு அதுதான். சென்னையை வச்சுப் பேசறேன், அதனால சிஎம்டிஏன்னு சொல்வேன். வெளியூர்க்காரங்க டிடிசிபின்னு எடுத்துக்கோங்க.

முதல்ல எது பிளான்ங்கிறதுல தெளிவா இருக்கணும். பில்டர் தர்ற கலர் பிரோஷர் பிளான் கிடையாது. அதிகாரிகளோட முத்திரையும் திட்ட அனுமதி எண்ணும் இருக்கிற வரைபடம்தான் பிளான். ரெரா சட்டத்தோட 19ஆவது பிரிவு அதைக் கேட்டு வாங்குற உரிமையை நமக்குக் கொடுக்குது. "ஆபீஸ்ல வந்து பாருங்க சார்"னு சொன்னா, பிடிஎஃப் அனுப்புங்கன்னு மெயில் போடுங்க.

அதுல சைட் பிளான் பக்கத்தைத் திறந்தா, கட்டிடத்தைச் சுத்தி சின்னச் சின்ன செவ்வகங்கள் தெரியும். ஒவ்வொண்ணும் ஒரு கார். அளவு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பிடிஎஃப்பை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, பிரிண்ட்ல சைஸ் மாறிடும். அதுல எழுதியிருக்கிற எண்தான் கணக்கு.

இப்போ டேப்போட சைட்டுக்குப் போங்க. அளக்கறதுக்கு முன்னாடி எண்ணுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னு என் டீம்ல இருக்கிற ஒருத்தரோட கதையில புரியும். அவரோட பிளான்ல காம்பவுண்ட் சுவர் ஓரமா 7 கார். ஏழு தடவை 2.5, அதாவது 17.5 மீட்டர். தரையில பார்த்தா அதே 17.5 மீட்டர்ல 8 கார் கோடு போட்டிருந்தாங்க. அப்போ ஒருத்தருக்கு வர்றது சுமார் 2.19 மீட்டர்தான். பார்த்தா தெரியவே தெரியாது, கோடெல்லாம் அவ்வளவு நேர்த்தி! ஆனா இன்னோவா கிரிஸ்டாவோட அகலம் 1.83 மீட்டர். நடுவுல நிறுத்தினா பக்கத்துக்கு சுமார் 18 சென்டிமீட்டர்தான் மிச்சம். அவரோட அம்மாவுக்கு முட்டி வலி, கதவை முழுசாத் திறந்தாத்தான் இறங்க முடியும்.

இதுல நிஜமா மாட்டினவர் எட்டாவது ஆள். அவர் கையில அலாட்மெண்ட் லெட்டர் இருக்கு, பணமும் கட்டியாச்சு. பிளான்ல அப்படி ஒரு இடமே இல்ல.

எண்ணிக்கை சரியா இருந்தா அடுத்தது இடம். உங்க செவ்வகம் காம்பவுண்ட் சுவர்லேர்ந்து எவ்வளவு தூரம், கட்டிட மூலையிலேர்ந்து எவ்வளவு தூரம்னு பிளான்ல பார்த்து, அதே ரெண்டு இடத்துலேர்ந்து டேப் பிடிங்க. பெயிண்ட் கோட்டை ஆதாரமா வச்சு அளந்தா அந்தத் தப்பு அப்படியே உங்க கணக்குலயும் வந்துடும். பிளான்ல வண்டி போற பாதைன்னு போட்டிருக்கிற இடத்துல நம்பர் எழுதியிருந்தா உடனே கேளுங்க. அது ஃபயர் இன்ஜின் உள்ளே வர வேண்டிய வழியா இருக்கலாம்.

அப்புறம் கீழே குனிஞ்சு பாருங்க. சம்ப் மூடி உங்க ஸ்லாட்டுக்குள்ள இருந்தா, ஏப்ரல், மே மாசத்துல தண்ணி லாரி வரும்போதெல்லாம் வாட்ச்மேன் காலைல ஆறு மணிக்கு உங்க பெல்லைத்தான் அடிப்பார். மழைநீர் சேகரிப்புக் குழி, ஜெனரேட்டர், ஈபி பாக்ஸ், கேட் திறக்கிற வளைவு எல்லாமே 5 மீட்டர் நீளத்தைத் தின்னும். கிரிஸ்டாவே 4.73 மீட்டர் இருக்கு.

"சிசி வந்தாச்சு சார், சிஎம்டிஏவே பார்த்துட்டாங்க"ன்னு சொல்வாங்க. பணி நிறைவுச் சான்றிதழ் வேணும்தான், அது இல்லாம வாங்காதீங்க. ஆனா அது வந்த மறுநாள் புதுசா ஒரு கோடு அடிக்க ஒரு பெயிண்டரும் அரை நாளும் போதும்.

சட்டம் என்ன சொல்லுது? ரெரா சட்டம் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடம்னு வரையறுக்குது. அதைத் தனியா விலை போட்டு விற்க முடியாது, ஒதுக்கத்தான் முடியும். ரெராவுக்கு முன்னாடியே, 2010ல நாஹல்சந்த் லாலூசந்த் வழக்கில், மகாராஷ்டிரா அடுக்குமாடிச் சட்டத்தின் கீழ் சுப்ரீம் கோர்ட் இதே மாதிரி சொல்லிடுச்சு. அதனால "ஓப்பன் கார் பார்க்கிங்"னு தனி வரியில ஒரு தொகை இருந்தா, அது எதுக்குன்னு எழுத்துல விளக்கம் கேளுங்க. பொது இடத்தோட பிளானை மாத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு வாங்கினவங்களோட எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும்னு 14ஆவது பிரிவு சொல்லுது. எட்டாவது கோடு போட யாரும் யார்கிட்டயும் கேட்கலை.

என் நண்பர் செஞ்சது இதுதான். டேப் தெரியற மாதிரி போட்டோ எடுத்தார், பிளான்ல அந்த இடத்தை வட்டம் போட்டார், ரெண்டையும் ஒரே மெயில்ல வச்சு, மத்த ஏழு பேரையும் சிசி போட்டு அனுப்பினார். பத்திரப்பதிவுக்கு முன்னாடி, கடைசித் தவணை கையில இருக்கும்போதே. சாவி வாங்கின பிறகும் டிஎன்ரெராவுல புகார் கொடுக்கலாம், ஆனா அது நீளமான வேலை. இவருக்குப் பதில் மூணு நாள்ல வந்துச்சு. பழைய கோட்டை அழிச்சு ஏழா மாத்திட்டாங்க. எட்டாவது ஆளுக்கு பணத்தைத் திருப்பித் தர்றதா ஒத்துக்கிட்டாங்க. அவர் கார் இப்போ தெருவுலதான் நிக்குது.

அடுத்த எபிசோட்ல கார்பெட் ஏரியா. அதுக்கும் டேப்பை எடுத்து வச்சுக்கோங்க.