மொட்டைக்கு முன் ஒரு படம், கையெழுத்துக்கு முன் ஓர் இரவு

என் மகனுக்கு அப்போது நாலு மாதம். தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டு, வழியில் ஒரு கடைத்தொகுதிக்குள் நுழைந்தேன். "பேபி ரொம்ப க்யூட் அக்கா, ஷூட் ஃப்ரீ, ஒரு படமும் ஃப்ரீ" என்று ஒரு ஸ்டூடியோப் பெண் வழிமறித்தாள். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிக் கொடுத்தேன். படம் பிடித்தார்கள், காசு கேட்கவில்லை. வியாபாரம் நடந்தது இரண்டு வாரம் கழித்து, படம் தேர்ந்தெடுக்கும் அறையில்.

விளக்கை மங்கலாக்கி, மெல்லிய இசையோடு பெரிய திரையில் நாற்பது படங்களை ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் என் பிள்ளை. "எட்டு போதும்" என்றேன். மீதியை ஒவ்வொன்றாகத் திரைக்குக் கொண்டுவந்து, "இதை அழிச்சிடவாக்கா?" என்று விற்பனைப் பெண் கேட்டாள். பிள்ளை கொட்டாவி விடும் படத்தில் என் மனம் உடைந்தது. "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை" என்றாள். வீட்டுக்காரரைக் கேட்க நேரம் தரவில்லை. 1,600 வெள்ளிக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு வந்தேன். மறுநாள் ரத்து செய்யக் கேட்டபோது, கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்கள்.

அன்று எனக்குத் தெரியாதது இதுதான்: சிங்கப்பூரில் வாங்கிய எதையும் சில நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற பொதுவான உரிமை கிடையாது. விற்பனையாளர் நாம் அழைக்காமலே வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்து போடும் நேரடி விற்பனை ஒப்பந்தம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாள் அவகாசம் உண்டு. நாமே ஸ்டூடியோவுக்குப் போய்க் கையெழுத்திட்டால் அது பொருந்தாது. அதனால் அந்த அறைக்குத் தனியாகப் போகாதீர்கள். கடன் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இன்று இருக்கும் விலை நாளை இருக்காது என்று ஒருவர் சொன்னால், ஓர் இரவு தள்ளிப்போட அதுவே போதுமான காரணம்.

கையெழுத்துப் போட்டுவிட்டாலும் எல்லாக் கதவும் அடைபட்டுவிடாது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் முறையற்ற நெருக்குதல் கொடுத்து வாங்க வைப்பதையும், முக்கியமான விவரத்தைப் பொடி எழுத்தில் மறைப்பதையும் நியாயமற்ற செயல்களில் சேர்க்கிறது. இன்னொரு வரி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மிக முக்கியம். ஒப்பந்தத்தின் மொழியையோ விளைவையோ புரிந்துகொள்ள இயலாதவர் என்று தெரிந்தும் அதைப் பயன்படுத்திக்கொள்வதும் நியாயமற்ற செயலே. பேரனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போன பாட்டியிடம் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், "நம்ம தப்புதான்" என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

அடுத்த பொறி 'முதல் வருடத் தொகுப்பு'. பிறந்த புதிது, குப்புற விழும் பருவம், உட்காரும் பருவம், முதல் பிறந்தநாள் என நாலு ஷூட்டுக்கு இன்றே முழுப் பணம் கட்டச் சொல்வார்கள். ஒரு வருடம் நீண்ட காலம். 2016இல் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் உடற்பயிற்சி நிறுவனம் இங்குள்ள தன் கிளைகளை மூடியபோது, முன்பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் நின்றார்கள். கடை கலைக்கப்பட்டால் நாம் கடன் கொடுத்தோர் வரிசையின் கடைசியில்தான் நிற்போம். ஒவ்வொரு ஷூட்டுக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள், சலுகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. முன்பணம் தவிர்க்க முடியாவிட்டால் கடன் அட்டையில் கட்டுங்கள். சேவை கிடைக்காதபோது பணத்தை மீட்டுத்தர வங்கியிடம் கேட்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் உடனே கேட்க வேண்டும்.

தொகுப்பின் தேதிகள் நம் வீட்டு நாள்காட்டிக்கு ஒத்துவருமா என்றும் பாருங்கள். ஒன்பதாம் மாதம் ஷூட் என்று ஸ்டூடியோ குறித்திருக்கும். அதே மாதம் ஊரில் குலதெய்வக் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும் என்று பாட்டி நாள் பார்த்திருப்பார். சுருள் முடியோடு ஒரு படம் வேண்டுமென்றால் ஊருக்குக் கிளம்பும் முன்னால் எடுத்தாக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது.

நான் விடாமல் வற்புறுத்தும் ஒன்று உண்டு. 'ரீடச்' என்ற பெயரில் நம் பிள்ளைகளின் நிறத்தை வெளுக்கிறார்கள். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுகிறார்கள். வசம்பு வளையலைக்கூட அழித்த படத்தைப் பார்த்திருக்கிறேன். "நிறத்தை மாற்றக் கூடாது, பொட்டை அழிக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை தன் முகத்தையே படத்தில் பார்க்கட்டும்.

படம் யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்தவருக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், நாம் சொல்லி எடுத்த படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்கே. எத்தனை மின்கோப்புகள், எந்த அளவில், எந்தத் தேதிக்குள், நாமே எங்கே அச்சிடலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். படத்தை இணையத்தில் பொதுவில் போடும்போது எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுவது அவருக்கு அதே சட்டம் தந்த உரிமை. அதை மறக்க வேண்டாம்.

ஆனால் முகம் நம் பிள்ளையுடையது. அடையாளம் தெரியும் படம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிநபர் தகவல்தான். ஸ்டூடியோ அதைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்த நம் சம்மதம் வேண்டும். பல ஒப்பந்தங்களில் இந்தச் சம்மதம் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முன்பே கொடுத்திருந்தாலும் நியாயமான அவகாசம் தந்து மீட்டுக்கொள்ளலாம். குளிப்பாட்டும் படம், உடையில்லாத படம் எதையும் யாருக்கும் விளம்பரத்துக்குத் தராதீர்கள்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பச்சிளம் குழந்தையின் உடல் விஷயத்தில் அப்படி இருந்துவிட முடியாது. கன்னத்தைக் கைகளில் தாங்கி அமர்ந்திருக்கும் 'தவளைப் போஸ்' படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். பிறந்து பத்து நாளான குழந்தை தன் தலையைத் தானே தாங்காது. பெரியவர் ஒருவர் கையால் பிடித்திருக்க இரண்டு படங்கள் எடுத்து, கை தெரியாதபடி ஒட்டித்தான் அதைச் செய்ய வேண்டும். "எப்படி எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒட்டுப்படம் என்று சொல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். கூடையோ தொட்டிலோ எதுவானாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கக்குவான் இருமல் தடுப்பூசியின் முதல் தவணை இரண்டாம் மாதத்தில்தான். அம்மை தடுப்பூசிக்கு ஒரு வயதாக வேண்டும். இருமிக்கொண்டு வரும் படக்காரரை அன்றே திருப்பி அனுப்புங்கள், நாகரிகம் பார்க்காதீர்கள். வெளியில் எடுப்பதென்றால் கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் டெங் நியா வீட்டின் வண்ணக் கதவுகள் முன்னால் படம் அழகாக வரும், ஆனால் உச்சிவெயிலில் வேண்டாம். காலை எட்டு மணி வெளிச்சம் பிள்ளைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

தகராறு வந்துவிட்டால் முதலில் ஸ்டூடியோவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். சரிவராவிட்டால் 'கேஸ்' என்று எல்லோரும் சொல்லும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அவர்கள் சமரசம் பேச உதவுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம், இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை, ஆகவே அந்தச் செலவும் இல்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. இணையத்திலேயே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நான் இதைக் கேள்விப்பட்டபோது என் மகன் பாலர் பள்ளியில் இருந்தான், கெடு கடந்துவிட்டது.

மன்றத்தில் பேசப்போவது தாள்தான். ரசீது, ஒப்பந்தம், விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஓர் உறையில் சேருங்கள். ஸ்டூடியோவோடு பேசும் வாட்ஸ்அப்பில் தானாக அழியும் செய்தி அமைப்பு இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.