நாயின் நகங்களைப் பேணும் முறை

ஓசூரையடுத்த மத்திகிரியில், படைக் குதிரைகளைப் பேணுவதற்கென 1824-ஆம் ஆண்டில் ஒரு பண்ணை நிறுவப்பெற்றது. அதுவே இன்று அரசு கால்நடைப் பண்ணையாக விளங்குகின்றது. குதிரைக்குக் குளம்பும், உழவு மாட்டிற்கு லாடமும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இப்பகுதி மக்கள் நன்கறிவர். ஆயினும், வாயிலில் காவல் காக்கும் நாயின் காலைக் குனிந்து நோக்குவோர் சிலரே.

ஆட்டு மந்தையுடன் பாறை நிலத்தில் திரியும் நாய்க்கு நகம் தானே தேயும். தொழிற்பேட்டைகள் பெருகிய ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில், மதிலுக்குள் சங்கிலியால் பிணிக்கப்பெற்ற நாய்களும் பல உள. நடை குறைந்தால் நகம் தேயாது. நீண்ட நகம் தரையில் ஊன்றி விரலை மேல்நோக்கித் தள்ளும், நாய் நொண்டும். முன்காலின் உட்புறத்தே சற்று உயர்ந்துள்ள நகமோ தரையைத் தொடுவதேயில்லை. கவனியாது விட்டால் அது வளைந்து சதைக்குள் இறங்கும், புண்ணாகிச் சீழ் பிடிக்கும், புழுவும் வைக்கும்.

நாய் நடக்கையில் தரையில் நகவொலி கேட்குமாயின், வெட்டும் காலம் வந்ததென அறியலாம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பார்ப்பது நன்று.

லாடம் அடிப்போர் மாட்டைக் கயிறு கட்டிக் கீழே சாய்ப்பது போன்று நாயைச் சாய்த்து அமுக்குதல் கூடாது. அச்சமுற்ற நாய் கடிக்கும். மறுமுறை அருகிலும் வாராது. முதற் சில நாட்கள் காலைத் தடவி, விரல்களை மெல்லப் பிடித்துப் பழக்குக. ஒவ்வொரு முறையும் வேகவைத்த முட்டைத் துண்டொன்று அளித்திடுக. பின்னர்க் கருவியைக் காட்டி முகரச் செய்க. முதல் நாளில் ஒரு நகம் வெட்டினாலும் போதும்.

நாய்க்கென விற்கும் கூரிய நகவெட்டியையே கையாளுக. மழுங்கிய கருவி நகத்தை நசுக்கும். நகத்தினுள் குருதிக் குழாயும் நரம்பும் கொண்ட உட்சதை உண்டு. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாய்த் தெரியும். அதற்குச் சற்று முன்னரே நிறுத்துக. கறுப்பு நகத்தில் அது வெளியே தெரியாது. ஆதலின் நுனியை மெல்லிய சீவலாக வெட்டி, வெட்டுமுகத்தை ஒவ்வொரு முறையும் நோக்குக. நடுவில் கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்திவிடுக. மிக நீண்ட நகத்தை ஒரே நாளில் குறைக்க முயல வேண்டா. வாரந்தோறும் சிறிது வெட்டினால் உட்சதையும் பின்வாங்கும்.

குருதி கசியுமாயின் அஞ்ச வேண்டா. சோளமாவையோ கோதுமை மாவையோ நுனியில் வைத்துத் தூய துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நில்லாவிடினும், நகம் சதையில் பதிந்திருப்பினும், நாய் சீறினாலும் கால்நடை மருந்தகத்தை நாடுக.

நாயின் நகமோ பல்லோ எவர் மேலேனும் பட்டுக் கீறினால், அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. சிறு கீறலென்று வாளாவிருத்தல் ஆகாது. வெறிநோய் கண்டபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கால்நடை முகாம்களில் இம்முறையை மருத்துவரைக் கொண்டு செய்து காட்டச் செய்யலாம். அச்சமின்றிக் காலை நீட்டப் பழகிய நாய், ஆண்டுதோறும் இடும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் அமைதியாக நிற்கும். அதன் பயன் அந்நாய்க்கு மட்டுமன்று. தெருவில் விளையாடும் குழந்தைகளுக்கும் உரியது.