கைக்குள் ஒரு கலைக்கூடம் – 6: இடது கைக்கு என்ன வேலை?

சென்ற வாரம் மேசையில் வைத்து வரையும் பேனாப் பலகைகளைப் பார்த்தோம். பலகை வீட்டோடு சரி. ரயிலிலும் வரைய வேண்டும், கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்து ஒரு முப்பரிமாண உருவத்தையும் செதுக்க வேண்டும் என்பவர்களுக்குத் திரை மேலேயே பேனா ஓடும் கணினிதான் வழி. அதைத் தேடிக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது ஓர் எண்: “சார், இதுல 8192 பிரஷர் லெவல் இருக்கு.”

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேனாவை அரைக் கிலோ எடைக்கு நிகராக அழுத்துகிறோம் என்றே வைத்துக்கொண்டாலும், அதை 8192 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு ஒரு கிராமில் பதினாறில் ஒரு பங்குதான் வரும். எந்த விரலும் அந்த வித்தியாசத்தை அறிந்து அழுத்தாது.

மைக்ரோசாஃப்டின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. 2013இல் விற்பனைக்கு வந்த அதன் முதல் சர்ஃபேஸ் புரோ டேப்லெட்டில் இருந்தது ஜப்பானின் வேக்கம் நிறுவனத்து நுட்பம், 1024 அழுத்த நிலைகள். அடுத்த ஆண்டு வந்த சர்ஃபேஸ் புரோ 3இல் என்-டிரிக் நுட்பத்துக்கு மாறினார்கள். நிலைகள் 256 ஆகச் சுருங்கின. ஓவியர்கள் பதறினார்கள். கையில் எடுத்து வரைந்து பார்த்தபோது பலருக்கும் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. பேனா முனைக்கும் திரையில் விழும் கோட்டுக்கும் இடையே தெரியும் இடைவெளி குறைந்திருந்தது என்பதுதான் கண்ணில் பட்டது. ‘பென்னி ஆர்கேட்’ இணையச் சித்திரக்கதையின் ஓவியர் மைக் கிராஹுலிக்குக்குத் தொல்லை கொடுத்தது வேறொன்று: திரையின் வலது விளிம்பில் இருந்த விண்டோஸ் பொத்தான். வரையும்போது கை அதில் பட்டுவிடும். படம் மறைந்து முகப்புத் திரை வந்து நிற்கும். பிறகு அந்தப் பொத்தானை அணைத்து வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. இப்படி ஒரு சிக்கல் வரும் என்று எந்த விவரப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

எனவே பட்டியலை மூடிவிட்டுப் பேனாவைக் கேளுங்கள். மூன்று சோதனைகள் போதும். முதலாவது, பேனாவின் எடை மட்டும் திரையில் படும்படி மெல்ல இழுங்கள். கோடு விழுகிறதா? அழுத்தினால்தான் விழும் என்றால் மெல்லிய நிழல் தீட்டும்போது கை நோகும். இரண்டாவது, ஸ்கேல் வைத்துச் சாய்வாக, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். சில திரைகளில் நேர்கோடு நெளிந்து நெளிந்து போகும். வேகமாக இழுத்தால் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும், அதனால்தான் மெதுவாக. மூன்றாவது, நான்கு மூலைகளிலும் புள்ளி வையுங்கள். வேக்கம் வகைப் பேனாவில் பேட்டரி கிடையாது. திரைக்குப் பின்னுள்ள தகடு எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அது சக்தி பெறும். அந்த நுட்பம் கொண்ட சில கருவிகளில் விளிம்புக்குப் போகப் போகக் குறி சற்றே விலகும்.

படம் மட்டும் வரைபவர்கள் இந்த இடத்தில் தொடரை மூடிவிட்டுக் கடைக்குக் கிளம்பலாம். முப்பரிமாண மாடலிங் செய்பவர்களுக்கு இனிமேல்தான் விஷயமே.

வரைவது பெரும்பாலும் ஒரு கை வேலை. மாடலிங் இரண்டு கை வேலை. பிளெண்டர் மென்பொருளில் உருவம் செதுக்கும்போது பேனா மேட்டை எழுப்பும். இடது கை கன்ட்ரோலை அழுத்தினால் அதே பேனா பள்ளம் தோண்டும். ஷிஃப்டை அழுத்தினால் மழுக்கும். நகர்த்த ஜி, திருப்ப ஆர், அளவு மாற்ற எஸ். உருவத்தைச் சுற்றிப் பார்க்க மவுஸின் நடுப்பொத்தான் வேண்டும். பேனாவுக்கு அது ஏது? அமைப்புகளில் ‘மூன்று பொத்தான் மவுஸைப் போல நடி’ என்ற தெரிவை இயக்கினால் ஆல்ட் விசையோடு பேனாவை இழுத்துத் திருப்பலாம். அதற்கும் இடது கைதான். (இடது கைப் பழக்கமுள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படிக்கவும்.)

இப்போது கீபோர்டைக் கழற்றிவிட்டுத் திரையை மடியில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஷிஃப்ட் எங்கே? விளம்பரப் படங்களில் எல்லோரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். மாடலிங் செய்பவர் அப்படி அரை மணி நேரம்கூடத் தாங்கமாட்டார். கழற்றிய பிறகும் புளூடூத்தில் இயங்கும் கீபோர்டோ, பத்துப் பதினைந்து விசைகள் கொண்ட சின்ன கீபேடோ பட்ஜெட்டில் கட்டாயம் இருக்கட்டும். சர்ஃபேஸ் புரோவும் ஐபேடும் வாங்கினால் பேனாவும் கீபோர்டும் பொதுவாகத் தனி விலை. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் பேனா பெட்டியிலேயே வரும். விலையை ஒப்பிடும்போது மொத்தத்தையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

இடது கைச் சிக்கலுக்கு ஐபேட் உலகம் வேறு விடை கண்டது. புரோகிரியேட் ஓவியச் செயலியில் இரண்டு விரலால் தட்டினால் கடைசிக் கோடு மறையும். செதுக்கும் செயலியான நோமட் ஸ்கல்ப்ட் பள்ளம், மழுக்கல் பொத்தான்களைத் திரையின் ஓரத்திலேயே வைத்திருக்கிறது. சிற்பக் கலைஞர்களின் பழைய துணையான இசட்பிரஷும் 2024இல் ஐபேடுக்கு வந்துவிட்டது. எடையும் குறைந்தபடி இருக்கிறது: 2015இல் வந்த பெரிய ஐபேட் புரோ 713 கிராம், 2024இன் 13 அங்குல ஐபேட் புரோ 579 கிராம். ஆனால் ஸ்டூடியோவில் மாயா மென்பொருள் கேட்பார்கள்; அது ஐபேடில் ஓடாது.

விண்டோஸ் பக்கம் வந்தால் உள்ளே இருப்பதையும் பார்க்க வேண்டும். இசட்பிரஷ் செதுக்கலுக்குப் பிராசஸரும் ரேமும் முக்கியம். பிளெண்டரின் சைக்கிள்ஸ் எஞ்சினில் ரெண்டர் செய்ய கிராஃபிக்ஸ் கார்டு. மெல்லிய கருவிகளில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள், முடிந்தால் 32. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமென்றால் ஏசுஸின் 2023 ஃப்ளோ இசட்13 போன்றவை உண்டு; கூடவே எடையும் விசிறிச் சத்தமும் வரும். வேக்கமின் 16 அங்குல மொபைல் ஸ்டூடியோ புரோ 2 கிலோவைத் தாண்டியது. பெயரில்தான் மொபைல்.

என் யோசனை இதுதான். வீட்டில் நல்ல மேசைக்கணினி இருந்தால் வெளியே எடுத்துப்போக எடை குறைந்த டேப்லெட் போதும். செதுக்கியதைக் கொண்டுவந்து வீட்டில் ரெண்டர் செய்யலாம். இருக்கப்போவது இந்த ஒரே கணினிதான் என்றால் விண்டோஸ் கருவி, அதிக ரேம், கூடவே கீபேட். கடையில் நிற்கும்போது வலது கையில் பேனாவைப் பிடித்த கையோடு இடது கையை எங்கே வைப்பீர்கள் என்று பாருங்கள். அதற்கு இடமில்லாத கருவி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் மாடலிங்குக்கு ஆகாது.

அடுத்த வாரம்: திரையில் பார்த்த சிவப்பு அச்சில் ஏன் மாறுகிறது?

(தொடரும்)